சிறைக்கோட்டமும் அறக்கோட்டமும்

சீத்தலைச் சாத்தனாரின் மணிமேகலையிலே, புகார் நகரச் சிறைக்குள் புகுந்த மணிமேகலை, அங்குப் பசித்திருந்தோர்க்கெல்லாம் அமுதசுரபியால் உணவளிக்கின்றாள். வியந்த வேந்தன் அவள் வேண்டுவது யாதென வினவினான். அவளோ பொன்னும் மணியும் வேண்டினாளில்லை. சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்குக என்றே வேண்டினாள். அரசனும் அவ்வாறே செய்தான். இக்காதையை வகுப்பறையில் உவந்து உரைக்கின்றோம். ஆயின், சிறைமீண்ட ஒருவன் நம் வாயிலில் வேலை கேட்டு நிற்கும்பொழுது சாத்தனாரை மறந்துவிடுகின்றோம்.

மன்னார்க் கரையோரத்து நறுவிலிக்குளம் போன்ற ஊர்களில், வலை இழுப்பவனிடமும் வயலில் இறங்குபவனிடமும் எவரும் நற்சான்றுப் பத்திரம் கேட்பதில்லை. அரசாங்க உத்தியோகத்திற்கோ சிறந்த நன்னடத்தை வேண்டும். பிறநாட்டில் தொழில் நாடுவோர்க்குப் பொலிஸ் நற்சான்று வேண்டும். கேட்பது தவறன்று. எப்பிழைக்கு, எத்தொழிலுக்கு, எத்தனை ஆண்டுக்கு என்னும் வரையறையின்றிக் கேட்பதே தவறு. நீதிமன்றம் இரண்டாண்டு விதித்த தண்டனையை விண்ணப்பப் படிவம் ஆயுட்டண்டனையாக்கலாமோ?

இவ்வினா நமக்குப் புறம்பானதன்று. 2009இல் போர் முடிந்தபின் ஏறத்தாழ 12,000 பேர் புனர்வாழ்வு பெற்று விடுவிக்கப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் நீதிமன்றத்தாற் குற்றவாளி எனத் தீர்க்கப்பட்டவரல்லர். எனினும் ‘முன்னாள்’ என்னும் ஒரு சொல்லே அவர்களைத் தொழிற்றலங்களின் வாயிலில் தடுத்து நிறுத்தியதுண்டு.

சிறுவர்க்குத் தீங்கிழைத்தவனை ஆசிரியனாக்கலாமோ எனின், ஆகாது. பொதுப்பணத்தைக் கையாடியவனிடம் பெட்டகத் திறவுகோலை ஒப்படைத்தலும் ஆகாது. குற்றத்திற்கும் தொழிலுக்கும் தொடர்புள்ளவிடத்துத் தடை முறையே. இளமையில் ஒருமுறை கைகலப்பிற் சிக்கியவன் நாற்பது வயதிலும் எழுதுவினைஞனாகக் கூடாது என்பதில் என்ன முறை இருக்கின்றது? பிரித்தானியாவின் 1974ஆம் ஆண்டுச் சட்டம், குறித்த காலம் குற்றமின்றி வாழ்ந்தவரின் பழைய தீர்ப்புகள் பலவற்றைக் காலங்கடந்தனவாகக் கொள்கின்றது. சிறுவர் தொடர்பான பணி முதலியவற்றிற்கு விலக்கும் வைத்துள்ளது.

இந்திய உச்ச நீதிமன்றமும் 2011இல் இந்நெறியைத் தொட்டது. சமரசமாக முடிந்த பழைய வழக்கொன்றை விண்ணப்பத்திற் குறிப்பிடாத இளைஞர் ஒருவர்க்குத் தில்லிப் பொலிஸ் பணி மறுக்கப்பட்டிருந்தது. இளமையின் பிழையைப் பொறுக்கலாம் என்ற நீதிமன்றம், விக்டர் ஹியூகோவின் கதைத்தலைவன் ழான் வல்ழானை நினைவூட்டியது. சுத்தானந்த பாரதியார் ‘ஏழை படும் பாடு’ எனத் தமிழிற் தந்த கதை அது. ஒரு பாண் திருடிய அவனுக்குச் சிறைக்கதவு பத்தொன்பது ஆண்டின்பின் திறந்தது. கையிலிருந்த மஞ்சட் கடவுச்சீட்டைக் கண்டு சத்திரக் கதவுகளோ மூடின.

குற்றம் மீண்டும் நிகழாவண்ணம் அளவறிந்து ஒறுத்தலே வேந்தன் கடன் என்பது வள்ளுவர் வகுத்த முறை. உழைத்துண்ணும் வழியை அடைப்பது, குற்றத்தை மீண்டும் அழைப்பதாகும். எனவே, தடைக்குக் காரணமும் காலவெல்லையும் நம் நாட்டுச் சட்டத்திலே தெளிவாக அமைதல் வேண்டும். நற்சான்றுப் பத்திரத்தில் ஒப்பமிடும் ஆசிரியரும், வேலை கொடுக்கும் முதலாளியும் அச்சட்டம் வரும்வரை காத்திருக்க வேண்டுவதில்லை. எதிரே நிற்பவன் நேற்றுச் செய்ததை மட்டுமன்றி, இன்று வாழும் வாழ்வையும் கேட்டறிந்து எழுதுவாராக. கேட்டறிந்து வேலை கொடுப்பாராக.