கம்பனி வேனில் குடும்பப் பயணம்: சலுகையா, சம்பளமா?

பெருநாளுக்கு மறுநாள் கல்முனையிலிருந்து பாசிக்குடாப் பக்கம் போகும் வேன்களைப் பார்த்திருப்பீர்கள். வெளியே பிஸ்கட் கம்பனியின் பெயர், லீசிங் கம்பனியின் பெயர், மருந்து விநியோகஸ்தரின் பெயர். உள்ளே பிள்ளைகள், பாய், சோற்றுச் சட்டி, தண்ணீர்க் கேன். மருதமுனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று எங்கும் இதே காட்சிதான். இதை யாரும் களவாக நினைப்பதில்லை. முதலாளிக்கும் தெரியும், பக்கத்து வீட்டுக்கும் தெரியும். "கம்பனி வேன் கிடைத்திருக்கு" என்பது மாப்பிள்ளை பேசும் இடத்தில்கூட ஒரு தகுதியாகச் சொல்லப்படுகிறது.

என் மச்சான் ஒருவர் விநியோகக் கம்பனியொன்றில் பகுதி முகாமையாளர். சில மாதங்களுக்கு முன் சம்பளச் சீட்டோடு என்னிடம் வந்தார். சம்பளத்துக்குக் கீழே "வாகன நன்மை" என்று புதிதாக ஒரு வரி. அதற்குக் கீழே கழிக்கப்பட்ட வரித்தொகை முந்திய மாதத்தைவிடக் கூடியிருந்தது.

"சம்பளம் கூடல்ல, வரி மட்டும் கூடியிருக்கு. வேன வேலைக்குத்தானே தந்தாங்க?" என்று கேட்டார்.

அவருடைய கேள்வி நியாயமானது. ஆனால் வேலைக்குத் தந்த வேனில்தான் அவர் உம்மாவைக் கொழும்புக்குக் காட்டக் கொண்டுபோனார். அதே வேனில்தான் தங்கையின் கல்யாணச் சாமான்கள் வந்தன. சட்டம் பார்ப்பது அந்தப் பயணங்களைத்தான்.

சட்டம் சொல்வது என்ன?

2017ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தின்படி தொழிலால் வரும் வருமானம் என்பது கையில் கிடைக்கும் காசு மட்டுமல்ல. தொழில் காரணமாகத் தொழில் தருநர் பொருளாகவோ வசதியாகவோ தருவதும் வருமானமே. கம்பனி வாகனத்தைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்துவதும் இதில் அடங்கும். அந்த வசதிக்கு, திணைக்களத்தின் சுற்றறிக்கைகள் காட்டும் முறையில் ஒரு மாதப் பெறுமதி போடப்படுகிறது. அந்தப் பெறுமதி சம்பளத்தோடு கூட்டப்பட்டு, மொத்தத் தொகைக்கு வரி கழிக்கப்படுகிறது.

அப்படியென்றால் முன்பு ஏன் இது வலிக்கவில்லை? 2020 ஜனவரியில் "உழைக்கும்போதே செலுத்தும் வரி" நீக்கப்பட்டது. வரிவிலக்கு எல்லையும் ஆண்டுக்கு 30 இலட்சம் ரூபாவாக, அதாவது மாதம் 250,000 ரூபாவாக உயர்த்தப்பட்டது. வேன் வைத்திருந்த பெரும்பாலானோர் அந்த எல்லைக்குக் கீழே இருந்தார்கள். பொருளாதாரம் சரிந்த பிறகு, 2022ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வந்தது. 2023 ஜனவரி முதல் எல்லை மாதம் 100,000 ரூபாவாக இறங்கியது. சம்பளத்திலேயே கழிக்கும் முறையும் கட்டாயமானது. சம்பளச் சீட்டில் ஏ.பி.ஐ.ரி. என்று காண்பது அதுதான். 2025 ஏப்ரல் முதல் எல்லை மாதம் 150,000 ரூபாவாக உயர்ந்திருக்கிறது.

மச்சானின் உண்மைத் தொகைகளை இங்கே எழுதவில்லை. கணக்கு விளங்க வட்டமான எண்களை எடுப்போம். சம்பளம் 200,000 ரூபா. வேனின் நன்மை 40,000 ரூபா. இந்த 40,000 திணைக்களத்தின் தொகையல்ல, உதாரணத்துக்காக நான் எடுத்தது.

இப்போதைய முறையில் 150,000 ரூபாவுக்கு வரியில்லை. அதற்கு மேல் வரும் முதல் 83,333 ரூபாவுக்கு 6 வீதம், அதன் பிறகு 18 வீதம், 24, 30, 36 என்று ஏறிப்போகும். வேன் இல்லாவிட்டால் மச்சான் கட்ட வேண்டியது 3,000 ரூபா. வேனின் 40,000 சேர்ந்ததும் அவருடைய வருமானத்தின் ஒரு சிறு பகுதி 18 வீதப் படிக்குள் ஏறிவிடுகிறது. வரி 6,200 ரூபாவாகிறது. வேனுக்காக மாதம் 3,200 ரூபா, ஆண்டுக்கு 38,400 ரூபா. 2023இல் இருந்த படிகளின்படி இதே கணக்கைப் போட்டால், வேனுக்காக மட்டும் மாதம் 8,100 ரூபா போயிருக்கும்.

100,000 ரூபா சம்பளம் எடுக்கும் விற்பனைப் பிரதிநிதிக்கு இதே 40,000 சேர்ந்தாலும் மொத்தம் 140,000தான். அவர் எல்லைக்குள் நிற்கிறார், வரி வராது. கல்முனைக் கடைகளிலும் விநியோக வேன்களிலும் வேலை செய்யும் பெரும்பாலானோர் இந்த இடத்தில்தான் இருக்கிறார்கள். அவர்களுடைய சீட்டில் வேனைக் காட்டி வரி கழிக்கப்பட்டிருந்தால், ஏன் என்று கேட்க வேண்டும்.

முதலாளியின் பக்கக் கணக்கு

வரி ஊழியரோடு நிற்பதில்லை. வருமானத்தை உழைப்பதற்காகச் செய்த செலவை மட்டுமே வியாபாரக் கணக்கில் கழிக்கலாம். வீட்டுச் செலவைக் கழிக்க முடியாது. கம்பனிகளுக்கான பொது வரிவீதம் 2022 ஒக்டோபர் முதல் 30 வீதம். ஒரு வேனின் டீசல், பராமரிப்பு, காப்புறுதி எல்லாம் மாதம் 150,000 ரூபா என்றும், ஓட்டத்தில் மூன்றில் ஒன்று வீட்டுப் பயணம் என்றும் வைத்துக்கொள்வோம். கணக்காய்வில் அந்த 50,000 ரூபா ஏற்கப்படாவிட்டால் கம்பனிக்கு மாதம் 15,000 ரூபா வரி கூடும். ஆண்டுக்கு 180,000 ரூபா, தண்டப்பணம் வேறு. அதை ஊழியரின் நன்மையாகச் சம்பளப் பதிவில் காட்டியிருந்தால், ஊழியச் செலவு என்று வாதிடவாவது இடமிருக்கும்.

தனியாளாக வியாபாரம் செய்யும் கடை முதலாளிக்கும் இதே விதிதான். கடை வேனில் அவரே குடும்பத்தோடு நுவரெலியா போனால், அந்தச் செலவு கடையின் செலவல்ல.

யாரும் பேசாத பகுதி

இதில் எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிவது வரியல்ல. வரிச் சட்டம் வேனைச் சம்பளம் என்கிறது. ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் அது சம்பளமல்ல. அந்தச் சட்டம் உழைப்பூதியம் என்று எண்ணுவதில் சம்பளம், வாழ்க்கைச் செலவுப்படி, விடுமுறைக் கொடுப்பனவு, உணவின் பெறுமதி எல்லாம் இருக்கின்றன. வாகனம் இல்லை.

முதலாளி அந்த 40,000 ரூபாவைச் சம்பளமாகவே கூட்டியிருந்தால், சேமலாப நிதிக்கு 12 வீதமும் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமுமாக மாதம் 6,000 ரூபா தன் பையிலிருந்து போட்டிருக்க வேண்டும். ஆண்டுக்கு 72,000 ரூபா. வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் பணிக்கொடையும் கடைசிச் சம்பளத்தை வைத்தே கணிக்கப்படுகிறது. வேன் அதிலும் சேராது. "சம்பளம் கூட்ட ஏலாது, வேனை வீட்டுக்குக் கொண்டுபோங்க" என்ற பேச்சு இந்த ஊரில் புதிதல்ல. அப்படிச் சொல்லும்போது முதலாளி மிச்சம் பிடிப்பது எவ்வளவு என்று யாரும் கணக்குப் பார்ப்பதில்லை. ஊழியருக்கு வரியில் சம்பளத்தின் பாரம் வருகிறது, ஓய்வுகாலத்தில் சம்பளத்தின் பாதுகாப்பு வருவதில்லை. முதலாளி மனம் மாறினால் மறுநாள் திறப்பைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதுதான்.

இந்தக் கரையில் வேன் ஏன் இவ்வளவு முக்கியம்?

கிழக்கு ரயில் பாதை மட்டக்களப்போடு முடிகிறது. கல்முனைக்கும் அதற்குத் தெற்கே பொத்துவில் வரைக்கும் தண்டவாளம் இல்லை. அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலையிலோ கல்முனை வடக்கு ஆதார வைத்தியசாலையிலோ "கொழும்புக்குக் கொண்டுபோங்க" என்று சொன்னால், மஹரகம புற்றுநோய் வைத்தியசாலையில் திகதி கிடைத்தால், இரவு பஸ் அல்லது வாடகை வேன்தான். நோயாளியை இரவு பஸ்ஸில் உட்காரவைத்துக் கொண்டுபோனவர்களுக்குத் தெரியும் அது எப்படிப்பட்ட இரவு என்று.

இதற்கு முன்னொரு காலமும் இருக்கிறது. யுத்த காலத்தில் இந்த வீதியில் தமிழரும் முஸ்லிம்களும் ஒருவர் ஊரை ஒருவர் கடக்கப் பயந்தார்கள். இலக்கத்தகடில்லாத வெள்ளை வேன் என்றால் என்ன அர்த்தம் என்று இதை வாசிப்பவர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. அப்படியான நாட்களில் பக்கத்தில் பெயர் எழுதிய வாகனம், கொடி கட்டிய நிறுவன வாகனம் ஓர் அடையாள அட்டை போலிருந்தது. 2004 சுனாமியில் இந்த மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் அதிகமானோர் இறந்தார்கள். நாட்டிலேயே மிக மோசமாகப் பாதிக்கப்பட்ட மாவட்டம் இது. அதன்பின் வந்த தொண்டு நிறுவனங்களின் வாகனங்கள் வேலைக்கும் ஓடின, ஜனாஸாவுக்கும் ஓடின, பிரசவத்துக்கும் ஓடின. நிறுவன வாகனம் ஊருக்கும் உரியது என்ற எண்ணம் அந்தக் காலத்தில் வேர்விட்டது. அதைப் பேராசை என்று சொல்லிவிட முடியாது.

2022இல் அந்த எண்ணத்துக்கு முதல் அடி விழுந்தது. ஜூன் கடைசியில் ஒரு லீற்றர் பெற்றோல் 470 ரூபா, டீசல் 460 ரூபா. கியூஆர் முறை வந்தபோது வேனுக்கு வாரம் 20 லீற்றர். கொழும்புக்குப் போய்வர 600 கிலோமீற்றருக்கு மேல். லீற்றருக்கு 10 கிலோமீற்றர் ஓடினாலும் மூன்று வாரப் பங்கு ஒரே பயணத்தில் முடியும். சொந்தப் பயணம் கம்பனியின் வேலையிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது அப்போதுதான் எல்லோர் கண்ணுக்கும் தெரிந்தது.

லண்டனில் எப்படி?

பிரித்தானியாவில் இருக்கும் நம் உறவுகளில் வேன் ஓட்டுபவர்கள் பலர். அங்கே கம்பனி வேனைச் சொந்தத் தேவைக்குப் பயன்படுத்தினால் எல்லோருக்கும் ஒரே பெறுமதி. 2025 ஏப்ரலில் தொடங்கிய வரி ஆண்டில் அது 4,020 பவுண். 20 வீத வரி கட்டுபவருக்கு ஆண்டில் 804 பவுண் செலவு. சொந்தப் பயணத்துக்கு எரிபொருளும் கம்பனி தந்தால் இன்னும் 769 பவுண் வருமானத்தில் கூட்டப்படும். ஆனால் எல்லை தெளிவாக இருக்கிறது. வீட்டிலிருந்து வேலைக்குப் போய்வருவது வேனைப் பொறுத்தவரை கணக்கில் சேராது. ஆண்டுக்கு ஓரிரு தடவை பழைய மெத்தையைக் குப்பைமேட்டுக்குக் கொண்டுபோவதும் சேராது. வாராவாரம் சாமான் வாங்கப் போனால் சேரும்.

வேன் எது, கார் எது என்பதிலேயே அங்கு வழக்கு நடந்தது. கொக்கா கோலா கம்பனி தன் தொழில்நுட்பவியலாளர்களுக்குக் கொடுத்த, பின் இருக்கை வைத்த வேன்களை 2020இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் வரிச் சட்டத்தின்படி கார் என்று தீர்ப்பளித்தது. காருக்கு வரி அதிகம். நம் நாட்டில் வேனின் பதிவுப் புத்தகத்தில் "டுவல் பர்பஸ்" என்றுதான் இருக்கும். ஆளும் ஏறலாம், சாமானும் ஏறலாம். இந்த ஊரின் வாழ்க்கைக்கு அதைவிடப் பொருத்தமான பெயர் கிடையாது. வரிக் கணக்கில்தான் அது பொருந்தவில்லை.

எழுதி வையுங்கள்

2025 ஓகஸ்ட் 22இல் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்க கைது செய்யப்பட்டார். 2023இல் லண்டனுக்கு மேற்கொண்ட ஒரு தனிப்பட்ட பயணத்துக்கு அரச பணம் செலவானது என்பதே குற்றச்சாட்டு. அவர் தரப்பு அதை மறுக்கிறது. பின்னர் பிணையில் விடப்பட்டார். தீர்ப்பு எதுவாக இருந்தாலும், சொந்தப் பயணத்தை யார் கணக்கில் எழுதுவது என்ற கேள்வி இன்று நாட்டின் உச்சி வரை போயிருக்கிறது. அரச அலுவலகங்களில் ஓட்டப் பதிவேடு வைப்பது நிதிப் பிரமாணங்களின்படி கட்டாயம். தனியார் கம்பனியில் அதைக் கேட்பதற்கு ஆளில்லை. அதனால் ஊழியரே வைத்துக்கொள்வது நல்லது. திகதி, கிலோமீற்றர், எதற்காகப் போனது. ஒரு கொப்பி போதும். வேன் இரவில் கம்பனி வளவிலேயே நிற்கிறது, சொந்த ஓட்டம் இல்லை என்றால், நன்மை என்று எதையும் கூட்டக்கூடாது என்று வாதிட அந்தக் கொப்பிதான் சாட்சி. உம்மாவைக் கொழும்புக்குக் கொண்டுபோன பயணத்துக்கு டீசல் காசை நீங்களே கட்டியிருந்தால் அந்தப் பற்றுச்சீட்டையும் வையுங்கள்.

முதலாளியிடம் ஒரு கடிதம் கேளுங்கள். வேனைச் சொந்தத் தேவைக்கு எடுக்கலாமா, எவ்வளவு தூரம், எரிபொருள் யாருடையது, விபத்து நடந்தால் காப்புறுதி அந்தப் பயணத்தையும் மூடுமா என்பவை அதில் இருக்க வேண்டும். சரக்கு ஏற்றவென்று காப்புறுதி செய்த வேனில் பத்துப் பேர் போகும்போது விபத்து நடந்தால், அந்த நாளில் வரி சின்ன விஷயமாகிவிடும். ஆண்டு முடிவில் தொழில் தருநர் தரும் வரிச் சான்றிதழில் எந்தத் தொகை வாகன நன்மையாகக் காட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சம்பள உயர்வுக்குப் பதிலாக வேன் தரப்பட்டால் 15 வீதம் எங்கே போனது என்று கேளுங்கள்.

மச்சான் கேட்டார். வேனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுச் சம்பளத்தில் கூட்டித் தரச் சொன்னார். நிர்வாகம் மறுத்துவிட்டது. ஆனால் முதன்முறையாக ஒரு பக்கக் கடிதம் கொடுத்திருக்கிறார்கள். மாதத்தில் எத்தனை கிலோமீற்றர் சொந்தமாக ஓடலாம் என்று அதில் இருக்கிறது. உம்மாவுக்கு அடுத்த கிளினிக் வரும்போது யாரிடமும் வாயால் கேட்டு நிற்கத் தேவையில்லை. வரி கட்டுகிறார். கட்டுகிற வரிக்குரிய வேன் இப்போது எழுத்திலும் அவருக்குரியது.