நம் கையால் ஒரு கருவி

இன்றைய அறிவியல் உலகில் மனிதர் மட்டுமன்று, பொருள்களும் இணையத்தின் வழியே செய்தி அனுப்புகின்றன. விளக்கு, கதவுப்பூட்டு, தண்ணீர்த் தொட்டி எனப் பட்டியல் நீள்கிறது. கடையில் கிடைக்கும் இவற்றை நாம் ஏன் முயன்று செய்ய வேண்டும் எனச் சிலர் கேட்கலாம். செய்யத்தான் வேண்டும் என்பது என் கருத்து.

இத்துறையின் முன்னோடிகளுள் மாணவரும் உண்டு. 1982-இல் அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், குளிர்பான இயந்திரத்தை நாடிச் சென்று ஏமாந்து சலித்தவர்கள் அதன் விளக்குகளைக் கணிப்பொறியோடு இணைத்தனர். எந்த வரிசையில் புட்டி இருக்கிறது என்பதை இருந்த இடத்திலிருந்தே அறிந்தனர். புட்டியை வைத்து மூன்று மணி நேரமானால் குளிர்ந்துவிட்டது என்று கணக்கு! வெப்பமானிகூட வேண்டியிருக்கவில்லை.

அன்று அதற்குப் பல்கலைக்கழகக் கணிப்பொறி தேவைப்பட்டது. இன்றோ உள்ளங்கையளவு பலகை போதும். 2005-இல் இத்தாலியின் இவ்ரியா நகரில் தோன்றிய ஆர்டுயினோ பலகை, மின்னணுவியல் பயிலாத வடிவமைப்பு மாணவர்களை எண்ணி உருவாக்கப்பட்டது. 2014-இல் ஈ.எஸ்.பி. 8266 என்னும் சீனச் சில்லு வந்தபின், வைஃபை வசதியுள்ள பலகை சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கலாயிற்று. எனவே, “இது பொறியியல் மாணவர் வேலை” என்று கலைக்கல்லூரி மாணவர் ஒதுங்குவதில் பொருளில்லை.

வாங்கும் கருவியில் வேறொரு குறையும் உண்டு. அமெரிக்காவில் ரிவால்வ் என்ற வீட்டுக் கட்டுப்பாட்டுக் கருவியை விற்ற நிறுவனத்தை 2014-இல் நெஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2016 மே மாதத்தில் அதன் சேவை நிறுத்தப்பட்டது. பழுது எதுவுமின்றியே கருவிகள் பயனற்றுப் போயின. விலை கொடுத்தவருக்கே உரிமையில்லை என்றால் அது என்ன உடைமை?

நாமே செய்தால் பாதுகாப்பு உண்டா என்பது நியாயமான ஐயமே. ஆனால் 2016-இல் மிராய் என்னும் தீநிரல் புகுந்தது, கடையில் வாங்கி, ஆலையில் இட்ட கடவுச்சொல்லை மாற்றாமல் வைத்திருந்த கேமராக்களில்தான். செய்பவன் கடவுச்சொல்லைத் தானே இடுகிறான். தகவல் எங்கே போகிறது என்பதையும் அறிவான். ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும்: ஐந்து வோல்ட்டோடு பழகலாம், 230 வோல்ட்டை அறிந்தவர் துணையின்றித் தொடலாகாது.

எங்கே தொடங்குவது? நம் நூலகத்திலேயே தொடங்கலாம். காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டைத் தாண்டி நீடித்தால் நூல்களில் பூஞ்சை படர வழியுண்டு. ஈரப்பத உணரி ஒன்றைப் பலகையோடு இணைத்தால், அது பத்து நிமிடத்திற்கு ஒருமுறை அளந்து கல்லூரிக் கணிப்பொறிக்கே அனுப்பும். வெளி நிறுவனத்தின் தயவு வேண்டியதில்லை. இயற்பியல் மாணவர் உணரியைச் சரிபார்க்கட்டும். கணித மாணவர் அளவுகளை ஆராயட்டும். எந்த அலமாரிக்கு முதற்காவல் வேண்டும் என்பதைத் தமிழ், வரலாற்று மாணவர் சொல்லட்டும். பேராசிரியப் பெருமக்கள் ஆய்வகக் கதவை மாலையில் ஒரு மணி நேரம் திறந்து வைத்தால் போதும்.

வாங்கியவனுக்குப் பயன்படுத்தத் தெரியும். செய்தவனுக்கோ பழுது பார்க்கவும் தெரியும். பட்டத்தோடு இந்த இரண்டாவது அறிவையும் பெற்று வெளியேறுவோம், நண்பர்களே!