பிள்ளையின் மாலை நேரத்தைத் திருப்பிக் கொடுங்கள்

பெற்றோரே, உங்கள் வீட்டில் படிவம் 5 படிக்கும் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் சொல்லுங்கள்: எஸ்பிஎம் தேர்வில் வரலாற்றுக்கு எத்தனை தாள்? ஆங்கில வாய்மொழித் தேர்வு எந்த வாரம்? வேதியியல் எடுத்திருந்தால் செய்முறைத் தேர்வு எப்போது? நம்மில் பலருக்கு இதில் ஒன்றுக்கும் பதில் வராது. டியூஷனுக்கு மாதம் எத்தனை வெள்ளி என்று கேட்டால் மட்டும் சட்டென்று வந்துவிடும். பணம் கட்டியதோடு நம் வேலை முடிந்தது என்று இருந்துவிட்டு, “பிள்ளைக்கு ஒழுங்கே இல்லை, மேசையைப் பார்த்தால் தெரியும்” என்று கல்யாண வீட்டிலும் கோயில் வாசலிலும் புலம்புகிறோம். அந்த ஒழுங்கைக் கெடுப்பதில் பெரும்பங்கு நம்முடையது.

நாம் படித்த காலத்தில் ஆறாம் ஆண்டில் யுபிஎஸ்ஆர் இருந்தது, படிவம் 3இல் பிஎம்ஆர் இருந்தது. பொதுத்தேர்வுக்குப் பல மாதங்களுக்கு முன்பே எப்படித் தயாராவது என்று இரண்டு முறை பழகிவிட்டுத்தான் எஸ்பிஎம்முக்குப் போனோம். இந்தப் பிள்ளைகளுக்கு அது கிடைக்கவில்லை. 2020இல் கோவிட்டால் ரத்தான யுபிஎஸ்ஆர் 2021இல் ஒரேயடியாக நீக்கப்பட்டது. பிஎம்ஆருக்குப் பின் வந்த பிடி3யும் 2022இல் போய்விட்டது. இவர்கள் எழுதப்போகும் முதல் பொதுத்தேர்வே எஸ்பிஎம்தான். இரண்டு ஆண்டுப் பாடத்தை வாரவாரியாகப் பிரித்துவைத்துப் படிக்க இவர்கள் எங்கே பழகியிருப்பார்கள்? தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து, பெரும்பாலான பாடங்களை மலாயில் படிக்கத் தொடங்கிய பிள்ளைக்கு இது இன்னும் கடினம். திட்டுவதற்கு முன் இதை நினைத்துப் பார்த்தோமா?

கிள்ளானில் ஒரு பிள்ளையின் வாரத்தைப் பாருங்கள். பள்ளி விட்டு வந்து சாப்பிட்டதும் சாப்பிடாததுமாகக் கணித வகுப்பு. மறுநாள் வேறொரு நிலையத்தில் கூடுதல் கணிதம். “பிரிக்பீல்ட்ஸில் நல்ல வாத்தியார் இருக்கிறாராம்” என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அதனால் சனிக்கிழமை பெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் அங்கே ஒரு பயணம். ஞாயிறு காலை தமிழ் இலக்கியம். பள்ளி ஆசிரியர் தந்த குறிப்பு, நிலையத்தில் தந்த குறிப்பு, புலனத்தில் வந்து விழுந்த பிடிஎஃப் என எல்லாம் சேர்ந்துகொண்டே போகின்றன. கேட்டு வந்த பாடத்தைத் தானே உட்கார்ந்து எழுதிப் பார்க்க வாரத்தில் ஒரு மாலை மிஞ்சுவதில்லை. எதை முதலில் எடுப்பது என்று தெரியாமல் விழிக்கும் அந்தப் பிள்ளையைத்தான் நாம் சோம்பேறி என்கிறோம்.

நேரம் போதவில்லை என்றதும் தமிழிலும் தமிழ் இலக்கியத்திலும் முதலில் கைவைக்கும் பெற்றோர் உண்டு. அது எனக்கு அறவே பிடிக்காத வேலை. ஒரே பாடத்துக்கு இரண்டு இடம் அனுப்புகிறீர்களே, அதை நிறுத்துங்கள்.

வகுப்பைக் குறைத்தால் மட்டும் போதாது, நாமும் பிள்ளையின் பக்கத்தில் இருக்க வேண்டும். 1982இல் டாக்டர் தம்பிராஜா தொடங்கிய ஸ்ரீ முருகன் கல்வி நிலையம் ஆண்டுதோறும் பத்துமலையில் கல்வி யாத்திரை நடத்துகிறது. படிப்பையும் பக்தியையும் சேர்த்து, வசதியில்லாத வீட்டுப் பிள்ளைகளையும் பல்கலைக்கழகம் வரை கொண்டுபோக நினைத்த இயக்கம் அது. அதன்மேல் எனக்குப் பெரிய மரியாதை உண்டு. பிள்ளைக்காக வேண்டிக்கொண்டு 272 படிகளை ஏறத் தயங்காத நாம், வீட்டில் அதே பிள்ளையின் பக்கத்தில் ஒரு மணி நேரம் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு உட்கார மாட்டோமா? பிள்ளையின் கைப்பேசியைப் பிடுங்கி வைத்துக்கொண்டு நாம் கூடத்தில் காணொளி பார்ப்பதை அவர்கள் கவனிக்காமல் இல்லை.

கோவிட்டுக்குப் பிறகு எஸ்பிஎம் தள்ளிப்போனது. 2023ஆம் ஆண்டுக்கான தேர்வு 2024 மார்ச் வரை நீண்டது. இப்போது மறுபடி ஆண்டு இறுதிக்கு வந்திருக்கிறது. அதாவது தீபாவளியும் தேர்வும் ஒட்டியே வருகின்றன. தீபாவளிக்கு வீட்டைக் கழுவும்போது படிவம் 4 புத்தகங்களையும் நோட்டுகளையும் பழைய தாளோடு தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கேள்விகள் படிவம் 4, படிவம் 5 இரண்டிலிருந்தும் வரும். பாடத்துக்கு ஒரு கோப்பு வாங்கிக் கொடுத்து, பழைய குறிப்புகளைப் பிரித்து அடுக்கும்போது நீங்களும் கூட இருங்கள். தேர்வு அட்டவணையைக் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டுங்கள். எழுத்துத் தேர்வுக்கு முன்பே வரும் வாய்மொழி, செய்முறைத் தேர்வு நாள்களைச் சிவப்பில் வட்டமிடுங்கள். அந்த வாரங்களில் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் பிள்ளையை இழுத்துக்கொண்டு போகாதீர்கள். கேட்பவருக்கு நீங்கள் பதில் சொல்லிக்கொள்ளலாம். அடையாள அட்டை எங்கே இருக்கிறது என்று தேர்வு நாள் காலையில் தேடும் வீடாக உங்கள் வீடு இருக்கக் கூடாது.

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கணிதத்துக்கும் அறிவியலுக்கும் பணத்தைக் கொட்டும் பெற்றோர் வரலாற்றை, “அது மனப்பாடம்தானே, கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்” என்று ஒதுக்கிவிடுகிறார்கள். முதல் தாளில் 40 கேள்விகளுக்கு விடையைத் தேர்ந்தெடுத்தால் போதும். இரண்டாம் தாளில் மலாயில் விரிவாக எழுத வேண்டும். எழுதி எழுதிப் பழகாமல் அது கைக்கு வராது. மலாய்மொழியில் தேர்ச்சி பெறாதவருக்கு எஸ்பிஎம் சான்றிதழ் கிடையாது. 2013 முதல் வரலாற்றுக்கும் அதே விதிதான். மற்றப் பாடங்களில் எத்தனை ஏ வாங்கியிருந்தாலும் விதி மாறாது.

ஆகவே இந்த வாரமே பிள்ளையோடு உட்கார்ந்து, அதன் வகுப்பு அட்டவணையைக் கையில் எடுங்கள். அதில் ஒரு டியூஷன் வகுப்பை அடித்துவிட்டு, அந்த மாலையை மலாய்மொழிக்கும் வரலாற்றுக்கும் ஒதுக்கிக் கொடுங்கள்.