கூட யாரு வந்திருக்கா?

பாளையங்கோட்டையிலிருந்து நெல்லை ஜங்ஷன் போகிற டவுன் பஸ்ஸில் என் மருமகன் ஏறினால், கண்டக்டர் கேட்கிற முதல் கேள்வி இதுதான். அக்கா மகன். பத்தொன்பது முடிந்து இருபது நடக்கிறது. டவுன் சிண்ட்ரோம். (டவுன் என்பது அதைப் பற்றி எழுதிய டாக்டரின் பெயர். டவுன் பஸ்ஸுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்று அக்கா ஒரு காலத்தில் தெருவெல்லாம் விளக்கிக்கொண்டிருந்தாள்.)

கண்டக்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. சாதாரண நகரப் பேருந்தில் மாற்றுத்திறனாளிக்கும் கூட வருகிற ஒருவருக்கும் கட்டணம் கிடையாது. அந்தப் பழக்கத்தில் இரண்டு டிக்கெட்டாகக் கிழித்துவிட்டு இரண்டாவது ஆளைத் தேடுகிறார். ஆனால் அதே கேள்வி பஸ்ஸை விட்டு இறங்கியும் கூடவே வருகிறது. ஆஸ்பத்திரியில் டோக்கன் போடுகிறவர் கேட்கிறார். துணிக்கடையில் கேட்கிறார்கள். ஒரு நாள் சலூனில், அவன் நாற்காலியில் உட்கார்ந்து கழுத்தில் துண்டும் கட்டியாயிற்று, கடைக்காரர் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்து, "மீசையை எடுத்துரவா, வைக்கணுமா சார்?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. "வச்சிருங்க." கடைக்காரர் கத்தியோடு ஒரு நிமிஷம் நின்றுவிட்டார். இருபது வயதுப் பையனுக்குத் தன் மீசையைப் பற்றி ஒரு கருத்து இருக்கும் என்பது அவருக்கு மட்டுமல்ல, உண்மையைச் சொன்னால் எனக்கும் அன்றைக்குத்தான் உறைத்தது.

பதினெட்டு வயது வரை எங்களுக்குப் பெரிய சிக்கல் இருந்ததில்லை. பள்ளிக்கூடம் இருந்தது. அவனைப் புரிந்துகொண்ட டீச்சர்கள் இருந்தார்கள். வேன் வரும், போகும். 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆறு வயதிலிருந்து பதினெட்டு வயது வரை இலவசக் கல்விக்கு உரிமை தருகிறது. பிறகு? உயர்கல்வியில் ஐந்து சதவீதம், அரசு வேலையில் நான்கு சதவீதம் இடம் உண்டு. அந்த நான்கில் ஒரு சதவீதத்தை அறிவுசார் குறைபாடு, ஆட்டிசம், குறிப்பிட்ட கற்றல் குறைபாடு, மனநோய், இவற்றோடு பல குறைபாடு சேர்ந்தவர்கள் எல்லோரும் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். அதற்கும் பரீட்சை எழுத வேண்டும். என் மருமகனைப் போன்றவர்களுக்கு அந்தக் கதவு எவ்வளவு தூரம் என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம். பதினெட்டாவது பிறந்தநாளுக்கு கேக் வெட்டினோம். அடுத்த ஜூன் மாதம் வேன் வரவில்லை. பையை மாட்டிக்கொண்டு ஒன்பது மணி வரை வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். ஒரு வாரம் அப்படித்தான் உட்கார்ந்தான்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட பிள்ளைக்குப் பதினாறு வயதாகும்போதே, பள்ளிக்குப் பிறகு எங்கே போவான், என்ன வேலை, தேவைப்பட்டால் எப்படிச் சொந்தமாக வாழப் பழகுவான் என்று பள்ளி திட்டம் எழுதியாக வேண்டும் என்பது சட்டம். நம்மிடம் அந்தத் திட்டத்தை அம்மாக்கள் மனசுக்குள் எழுதிக்கொள்கிறார்கள். அதில் ஒரே ஒரு வரிதான் இருக்கும். "எனக்குப் பெறவு யாரு?"

இந்த நிலையில்தான் பேங்க் விவகாரம் வந்தது. மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை அவன் கணக்குக்கு வந்துகொண்டிருந்தது. மைனர் கணக்கு, அக்கா கார்டியன். பதினெட்டு முடிந்ததும் பணம் எடுக்க முடியவில்லை. போய்க் கேட்டால், "இவங்க மேஜர் ஆயிட்டாங்க, இனி அம்மா கையெழுத்து செல்லாது" என்றார்கள். சரி, அவனே போடுவான் என்றாள் அக்கா. அவன் போட்டான். மூன்று எழுத்துப் பெயரை அவன் எழுதினால் படிவத்தின் கட்டத்தைத் தாண்டி அடுத்த வரி வரை போகும். இரண்டாவது தடவை போட்டது முதல் தடவை மாதிரி இல்லை. "கையெழுத்து ஒத்துப்போகலை. கோர்ட்ல கார்டியன் ஆர்டர் வாங்கிட்டு வாங்கம்மா." அதாவது அம்மா கையெழுத்துப் போடலாம் என்றால் அவன் பெரியவனாகிவிட்டான். அவன் போடலாம் என்றால் அவன் இன்னும் சின்னப் பிள்ளை. அந்தக் கவுன்டருக்கு இந்தப் பக்கம் நின்ற என் மருமகன் யார் என்பதற்கு அன்று விடை கிடைக்கவில்லை. அவன் பேங்க் பேனாவில் கட்டியிருந்த கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்.

கோர்ட்டுக்குப் போக வேண்டியதே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. 1999-ஆம் ஆண்டு தேசிய அறக்கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கானது. மாவட்ட ஆட்சியர் நிலையிலான ஓர் அதிகாரி, ஒரு தொண்டு நிறுவனப் பிரதிநிதி, ஒரு மாற்றுத்திறனாளி ஆகியோர் இருக்கிற குழு அந்தந்த மாவட்டத்திலேயே பாதுகாவலரை நியமிக்கலாம். இதைத் தெரிந்துகொண்டதும் அக்காவுக்கு உயிர் வந்தது. விண்ணப்பம் வாங்கி வந்தாள். நான் சட்டத்தை எடுத்துப் படித்தேன். ஒரு இடத்தில் நின்றுவிட்டேன். குழு முதலில் பார்க்க வேண்டியது, இவருக்குப் பாதுகாவலர் வேண்டுமா என்பதை. அடுத்து, எந்தெந்தக் காரியத்துக்கு வேண்டும் என்பதை. 2016 சட்டம் இன்னும் ஒரு படி மேலே போகிறது. பாதுகாவலரும் அந்த நபரும் ஒருவரை ஒருவர் நம்பிச் சேர்ந்து முடிவெடுப்பதுதான் முறை என்கிறது. சொந்தப் பணத்தைக் கையாள மற்றவர்களுக்கு உள்ள அதே உரிமை மாற்றுத்திறனாளிக்கும் உண்டு என்கிறது. சட்டம் இவ்வளவு நாசூக்காக யோசித்திருக்கிறது. நாங்கள் வீட்டில் யோசிக்கவில்லை. விண்ணப்பத்தில் அக்கா "எல்லாவற்றுக்கும்" என்று எழுதி வைத்திருந்தாள்.

"எல்லாத்துக்கும்னா மீசைக்குமாக்கா?" என்று கேட்டேன். முறைத்தாள். ஆனால் விண்ணப்பம் அன்றைக்குப் போகவில்லை.

அதற்குப் பதிலாக பஸ்ஸில் ஆரம்பித்தோம். ஜங்ஷனில் எனக்குத் தெரிந்தவரின் ஜெராக்ஸ் கடை. கல்லூரி புராஜெக்ட் சீசனில் ஸ்பைரல் பைண்டிங் குவியும். பையனுக்குச் சொல்லிக்கொடுத்துப் பார்க்கிறேன் என்றார். கடைக்குப் போய்ச் சேருவதுதான் கேள்வி. முதல் பத்து நாள் நான் பக்கத்து இருக்கையில். அடுத்த பத்து நாள் பின் சீட்டில், தெரியாதவன் மாதிரி. அப்புறம் பஸ்ஸுக்குப் பின்னால் பைக்கில். அவனுக்குக் கடிகாரம் வராது, எண்ணும் கொஞ்சம் குழம்பும். ஆனால் பாலம் தெரியும். "வண்ணாரப்பேட்டை தாண்டும். ஆத்துப் பாலம் வரும். பாலம் முடிஞ்சதும் எந்திரிச்சு வாசல் கிட்ட வந்துரு." இவ்வளவுதான் பாடம். 1843-இல் கட்டிய சுலோச்சன முதலியார் பாலம், வேறு எதற்குக் கட்டினார்களோ, எங்களுக்கு இறங்கும் இடம் சொல்லவே கட்டிய மாதிரி நிற்கிறது.

தனியாகப் போன முதல் நாள், பத்து மணிக்குள் வர வேண்டியவன் பத்தேகாலுக்கும் கடைக்கு வரவில்லை. அக்கா போனில் அழுகிறாள். நான் பைக்கை எடுத்துக்கொண்டு வண்ணாரப்பேட்டை வரை போய்த் திரும்புகிறேன். பாலத்து நடைபாதையில், சுவரில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு நிற்கிறான். முந்தின ஸ்டாப்பிலேயே இறங்கி நடந்து வந்திருக்கிறான். "ஏம்ல இங்க எறங்குன?" என்றால், "ஆத்துல தண்ணி போவுது மாமா" என்றான். தாமிரபரணியில் அப்போது நல்ல வெள்ளம். தவறி இறங்கவில்லை, வேண்டும் என்றே இறங்கியிருக்கிறான் என்று எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆனது. வேலைக்குப் போகிற வழியில் நின்று ஆற்றைப் பார்க்கிற ஆட்களில் இவனும் ஒருவன். அவ்வளவுதான். அக்காவிடம் இதைச் சொன்னபோது, "நாளையிலருந்து போவ வேண்டாம்" என்றாள். மறுநாள் காலையில் அவளே டிபன் பாக்ஸ் கட்டினாள்.

கடையில் அவன் வேலையை நீங்கள் பார்க்க வேண்டும். தாளைக் கட்டாகத் தூக்கி மேஜையில் நாலு பக்கமும் தட்டுவான். ஒரு தாள்கூடத் துருத்தி நிற்கக் கூடாது. நின்றால் முதலிலிருந்து தட்டுவான். துளை போடுகிற மிஷினில் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வைப்பான். பிளாஸ்டிக் சுருளை ஓட்டை ஓட்டையாகத் திருகி ஏற்றி, நுனியைக் கட்டிங் பிளேயரால் வெட்டி மடக்குவான். மற்ற பையன் மூன்று முடிக்கிற நேரத்தில் இவன் ஒன்று. ஆனால் இவன் செய்ததில் பக்கம் தலைகீழாக இருந்ததில்லை என்கிறார் கடைக்காரர். அவரும் முதல் சனிக்கிழமை கூலியை என் கையில்தான் நீட்டினார். அவனிடமே கொடுங்கள் என்றேன். அந்தப் பணத்தில் அல்வா வாங்கினான் என்று எழுதினால் நெல்லைக்காரன் கதை கட்டுகிறான் என்பீர்கள். அவன் வாங்கியது ஒரு டார்ச் லைட். வீட்டில் ஏற்கெனவே இரண்டு இருக்கிறது. வீண் செலவுதான். நான் முதல் சம்பளத்தில் வாங்கிய கூலிங் கிளாஸும் வீண் செலவுதான், யாரும் எனக்குப் பாதுகாவலர் போடவில்லை.

"தன் காலில் நிற்பது" என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். எங்கள் பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன், கல்லூரி நாளில் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். 1981-இல் சில குழந்தைகளோடு தொடங்கினார். பிறகு வந்து சேர்ந்த எஸ். சங்கரராமன், தசைச் சிதைவு நோயுள்ள ஆடிட்டர். இருவரும் சக்கர நாற்காலியில் இருந்துகொண்டு ஒரு பெரிய நிறுவனத்தை வளர்த்தார்கள். எழுந்து உட்காரப் பிறர் கை வேண்டும், என்ன செய்வது என்ற முடிவு அவர்களுடையது. கூட ஆள் இருப்பது அவர்களுக்குக் குறையாக இல்லை. ஆள் பக்கத்தில் நின்றார், முன்னால் வந்து நிற்கவில்லை.

இது ஒரு பையனின் கதை என்பதையும் சொல்லிவிட வேண்டும். இதே போன்ற மகளை வைத்திருக்கிற ஒரு தாய் இதைக் கேட்டுவிட்டு, "ஒங்க அக்கா குடுத்து வச்சவ, நான் இவளைத் தனியா பஸ்ஸுல ஏத்த முடியுமா?" என்றார். என்னிடம் பதில் இல்லை. அந்தப் பயம் வெறும் பயம் இல்லை. வீட்டுக்குள்ளேயே தொடங்குங்கள் என்றுதான் சொல்ல முடிந்தது. வாசல் சாவி ஒன்று அவள் கையில் இருக்கட்டும். எந்தச் சுடிதார் என்று அவளே எடுக்கட்டும். வேண்டாம் என்று சொல்லப் பழகட்டும், உங்களிடமே. பதினெட்டுக்குக் காத்திருக்காமல் பதினாலிலேயே தொடங்கினால் நல்லது. நாங்கள் பிந்திவிட்டோம்.

அக்கா பிறகு விண்ணப்பத்தைத் திருத்தினாள். ஆஸ்பத்திரி, பெரிய பண விஷயம், இரண்டுக்கு மட்டும். கணக்கை வேறொரு கிளையில், அவளும் அவனும் சேர்ந்த கணக்காகப் போட்டுக்கொடுத்தார்கள். அங்கே வேலை பார்க்கிற ஓர் அம்மா அவன் கையெழுத்துப் போட ஒரு வெள்ளைத்தாள் கொடுத்துப் பழக்கினார். சட்டத்தில் எங்கும் எழுதாத காரியம் அது.

கண்டக்டர் அண்ணாச்சி, பேங்க் மேடம், சலூன்கார அண்ணன், உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கேள்வியை அவனிடமே கேளுங்கள். பதில் வர அரை நிமிஷம் ஆகும். பின்னால் நிற்கிறவர்களைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள்.