பிள்ளையின் முதல் பாசறை இரவு



இலங்கையில் சாரணர் இயக்கம் 1912இல் தொடங்கியது நம் மாத்தளையில்தான். கிறைஸ்ட் சேர்ச் கல்லூரியில் எப். ஜி. ஸ்டீவன்ஸ் அதை ஆரம்பித்தார். இன்று ஏழெட்டு வயதிலேயே பிள்ளைகள் குருளைச் சாரணராகிவிடுகிறார்கள். "உம்மா, கேம்ப் போறோம், ராவைக்குக் கூடாரத்துலதான் படுக்கிற" என்று ஒருநாள் துள்ளிக்கொண்டு வருவார்கள். நமக்கோ அன்றே தூக்கம் போய்விடும்.

என் மூத்த மகனின் முதல் பாசறைக்குத் தொதலும் முறுக்கும் பை நிறையக் கட்டிக் கொடுத்தேன். அவன் இடைக்கிடை பாயை நனைப்பான் என்பதை மட்டும் ஆசிரியரிடம் சொல்லவில்லை. வெட்கம் எனக்குத்தான். இருட்டில் வெளியே போகப் பயந்து, ஈரச் சாரத்தோடு விடியும்வரை குந்தியிருந்திருக்கிறான் பிள்ளை. வந்ததும் கேட்டான்: "ஏன் உம்மா சேர்கிட்டச் சொல்லல்ல?"

ஏழு வயதுப் பிள்ளைகளில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்கு இது இருப்பதுதான். பொறுப்பானவரிடம் தனியே சொல்லுங்கள். படுக்கப் போகுமுன் ஒருமுறை எழுப்பிவிடுவார். மாற்றுச் சாரம் இரண்டும், ஈரத்தைப் போட ஒரு பொலித்தீன் பையும் வையுங்கள்.

இளையவனுக்கு வீட்டு முற்றத்திலேயே பழக்கினேன். கயிற்றில் பழைய பெட்சீட்டைப் போட்டுக் கூடாரம். முதல் இரவு வாப்பா கூடப் படுத்தார். அடுத்த இரவு தனியே. பத்து மணிக்கு உள்ளே ஓடி வந்துவிட்டான். நான் ஏசவில்லை. மூன்றாம் இரவு சுபஹு பாங்குவரை கிடந்தான். டோர்ச் எப்போதும் தலைமாட்டில் ஒரே இடத்தில். அதை அடித்துக்கொண்டு தானே மலசலகூடம் போய்வரப் பழகினான். தூங்கும்போது ஓதும் துஆவையும் தானே ஓதினான். மூத்தும்மாவின் ஜின் கதைகளுக்கு அந்த வாரம் விடுமுறை!

ரத்தோட்டைக்கு மேலே ரிவஸ்டன் பக்கம் என்றால் காற்று கூடாரத்தையே உலுப்பும். அதை முன்பே சொல்லி வையுங்கள். நக்கிள்ஸ் காட்டுக்குள் தங்க வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். எடுத்தாயிற்றா என்று கேட்பதில் தவறில்லை. நீளக் காலுறைக்குள் காற்சட்டையைச் செருகிவிட்டால் அட்டை ஏறுவது குறையும். கடித்தால் பிய்த்து இழுக்காமல், நகத்தால் வழித்துவிட்டுச் சவர்க்காரம் போட்டுக் கழுவட்டும். இரத்தம் உறையாமலிருக்க அட்டை ஒன்றைக் கலந்துவிடுவதால் கொஞ்ச நேரம் கசியும். பிள்ளைகள் அலறுவது கடிக்கல்ல, அந்த இரத்தத்துக்கு.

இளையவன் போன இரவு நான் தூங்கவில்லை. மறுநாள் சேறும் சிரிப்புமாக வந்தான். பக்கத்தில் படுத்த பிள்ளைக்கு இருட்டுப் பயமாம்; டோர்ச்சை அவனுக்கே கொடுத்துவிட்டானாம். எடுத்துப் பார்த்தேன், பற்றரி முடிந்திருந்தது.