விமானி ஆசையும் விமானப் பள்ளிக் கடனும்

தன்முனைப்பு முகாம் நடத்தக் கேமரன் மலைத் தோட்டப் பள்ளிகளுக்குச் சென்று வந்த நண்பர்களுக்கு இது தெரிந்திருக்கும். "உங்கள் இலட்சியம் என்ன?" என்று கேட்டால் ஆசிரியர், மருத்துவர், போலீஸ் என்று வரும் பதில்களுக்கு நடுவே ஓரிரு பிள்ளைகள் "விமானி" என்பார்கள். நாம் கைதட்டுவோம். முயன்றால் முடியாதது இல்லை என்போம். பரிசு கொடுத்துப் படம் எடுத்துக் கொள்வோம். மாலையில் பேருந்து ஏறி, தாப்பா வழியாகக் கோலாலம்பூர் திரும்பிவிடுவோம். விமானி ஆவதற்கு எவ்வளவு செலவாகும், அதை யார் கொடுப்பது, வேலை கிடைத்த பிறகு கையில் என்ன மிஞ்சும் என்பதை மட்டும் சொல்லாமல் வந்துவிடுவோம்.

சொல்லாமல் விட்ட அந்தக் கணக்கைத்தான் இங்கே பார்க்கப் போகிறோம்.

நம் நாட்டில் வணிக விமானி உரிமம் பெறுவதற்குத் தனியார் பயிற்சிப் பள்ளியில் இரண்டரை இலட்சம் ரிங்கிட்டுக்கும் மேல் செலவாகிறது. கணக்குக்கு வசதியாக மூன்று இலட்சம் என்றே வைத்துக் கொள்வோம். 2025 பிப்ரவரியில் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட்டாக உயர்ந்தது. ஆண்டுக்கு 20,400 ரிங்கிட். தேயிலைத் தோட்டத்தில் அந்தச் சம்பளம் வாங்கும் ஒரு தாய், ஒரு காசுகூடச் செலவழிக்காமல் பதினான்கு ஆண்டுகளுக்கு மேல் சேர்த்தால்தான் மகனுக்கு அந்த உரிமம் கிடைக்கும். அதுவரை வீட்டில் எவரும் சாப்பிடக் கூடாது!

கடன் வாங்கலாமே என்பீர்கள். வங்கி பிணை கேட்கும். லயத்து வீடு தோட்டத்துக்குச் சொந்தம். அதை அடகு வைக்க முடியாது. மாரா கடனுதவி பூமிபுத்ரா மாணவர்களுக்கு உரியது. எஞ்சியிருப்பது பெற்றோரின் ஊழியர் சேமநிதி. தோட்டக் குடும்பத்துக்குச் சேமநிதி வெறும் முதுமைக் காலச் சேமிப்பு அன்று. வேலை ஓய்ந்ததும் லயத்து வீட்டைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அதன் பிறகு தங்குவதற்கு ரிங்லெட்டிலோ தானா ராத்தாவிலோ மலைக்குக் கீழேயோ ஒரு கூரை வேண்டுமானால், அதற்கான முன்பணம் இந்தச் சேமநிதியில்தான் இருக்கிறது. அதை எடுத்து விமானப் பள்ளியில் கட்டுவது, குடும்பத்தின் வருங்கால வீட்டை ஒரே பிள்ளையின் மீது பந்தயம் கட்டுவதாகும்.

சரி, எப்படியோ பணம் புரட்டிவிட்டார்கள். ஐந்து விழுக்காடு வட்டியில் பத்தாண்டுக் கடன் என்றால் மாதத் தவணை ஏறக்குறைய 3,180 ரிங்கிட் வரும். வயலிலும் மலைச்சரிவிலும் உழைக்கும் இருவரின் மாதச் சம்பளத்தை இது ஏறத்தாழ விழுங்கிவிடும். உரிமம் கையில் வந்ததுமே வேலையும் வந்துவிடாது. ஏர்பஸ் 320, போயிங் 737 போன்ற ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அந்தச் செலவையும் பயிற்சி பெறுபவர் தலையிலேயே கட்டும் வழக்கம் உலகெங்கும் பரவியிருக்கிறது. வேலைக்குக் காத்திருக்கும் காலத்திலும் செலவு ஓய்வதில்லை. கருவிகளை மட்டும் பார்த்துப் பறப்பதற்கான தகுதியையும் மருத்துவச் சான்றிதழையும் குறித்த காலத்தில் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்காத உரிமம் சட்டம் போட்டு மாட்டிய படத்துக்குச் சமம்.

வேலை கிடைத்தால்? புதிய துணை விமானியின் சம்பளத்தில் ஒரு பகுதி மாதந்தோறும் நிலையாக வரும். மறுபகுதி பறந்த மணி நேரத்தைப் பொறுத்தது. பெரும்பாலும் விமானம் நிறுத்துமிடத்தை விட்டு நகர்ந்தது முதல், போய்ச் சேர்ந்து நிற்கும் வரைதான் மணிக்கணக்கு. அதற்கு முன் கூட்டத்தில் உட்கார்ந்ததும், தாமதத்தில் நிலையத்தில் காத்திருந்ததும், அழைப்பு வருமா என்று சீருடையைத் தேய்த்து வைத்து வீட்டில் கிடந்ததும் அந்தக் கணக்கில் முழுமையாகச் சேர்வதில்லை. நம் பாட்டிமார் கொழுந்தை நிறுத்துக் கூலி வாங்கியவர்கள். கூடையைச் சுமந்து மேடு ஏறியதற்குத் தனிக்கூலி கிடையாது. தராசில் விழுந்த எடைக்குத்தான் காசு. வறட்சியில் கொழுந்து குறைந்தால் கூலியும் குறையும். விமானியின் அறையில் அந்தத் தராசைப் பார்ப்போம் என்று எவரும் எதிர்பார்த்திருக்க மாட்டார்கள்.

இதற்கிடையில் சிப்பாங் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் வாடகைக்கு அறை எடுக்க வேண்டும். விடியற்காலை நான்கு மணிக்குப் பணிக்குப் போக ரயிலும் இல்லை, பேருந்தும் இல்லை. ஆகவே கார் வேண்டும். காருக்கும் தவணை உண்டு. மலையில் இருக்கும் அம்மாவுக்கு மாதாமாதம் ஏதாவது அனுப்ப வேண்டும். ஊரில் "விமானி வீடு" என்று பெயர் வேறு வந்துவிடும். கோயில் திருவிழா நன்கொடைப் பட்டியலில் அந்தப் பெயருக்கு நேராக எவ்வளவு எழுதுவார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

மூத்த விமானிகள் நல்ல சம்பளம் வாங்குகிறார்களே, கொழுந்து பறிப்பவரை விட்டுவிட்டு விமானிக்காக அழலாமா என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். பல ஆண்டுகள் பறந்து தலைமை விமானி ஆனவரின் வருமானம் நம்மில் பலருக்கு எட்டாதது. அவருக்காக யாரும் உண்டியல் குலுக்க வேண்டாம். நான் பேசுவது அந்த இருக்கைக்குப் போகும் வழியைப் பற்றி. முதல் ஐந்தாறு ஆண்டுகளைக் கடனோடும் குறைந்த வருமானத்தோடும் தாங்கக்கூடியவர் யார்? பின்னால் தாங்கிப் பிடிக்கச் சொத்துள்ள குடும்பத்துப் பிள்ளை. எஸ்பிஎம் தேர்வில் கணிதத்திலும் அறிவியலிலும் ஆங்கிலத்திலும் நல்ல தேர்ச்சி பெற்ற தோட்டத்துப் பிள்ளைக்குத் தகுதி இருந்தும் நுழைவாயில் மூடிக் கிடக்கிறது. மூடியிருக்கிறது என்று எவரும் எழுதி வைக்கவும் இல்லை.

குறைந்த சம்பளத்தின் விலையைப் பயணிகளும் கொடுக்க நேரலாம். 2009 பிப்ரவரி 12ஆம் நாள் அமெரிக்காவின் பஃபலோ நகருக்கு அருகில் கோல்கன் ஏர் நிறுவனத்தின் விமானம் ஒரு வீட்டின் மேல் விழுந்து 50 பேர் மாண்டனர். துணை விமானியின் ஆண்டு வருமானம் 16,000 டாலர் அளவில் என்று விசாரணையில் முதலில் பேசப்பட்டது. 23,000 டாலருக்கு மேல் என்று நிறுவனம் பின்னர் திருத்தியது. அவர் நாட்டின் மேற்குக் கோடியில் சியாட்டல் பக்கம் பெற்றோருடன் வசித்தார். வேலைத்தளமோ கிழக்கே நியூவார்க்கில். இரவெல்லாம் விமானத்தில் பயணம் செய்தே வேலைக்கு வந்திருந்தார். விபத்துக்கு முதன்மைக் காரணமாக விசாரணையில் சொல்லப்பட்டது தலைமை விமானியின் தவறான கையாளுதல்தான். ஆனாலும் களைப்பும் சம்பளமும் அதன் பிறகுதான் நாடாளும் மன்றம்வரை பேசப்பட்டன. வேலைத்தளத்துக்கு அருகில் ஓர் அறை எடுத்துத் தூங்க முடியாத சம்பளம், விமானியின் சொந்தப் பிரச்சனை மட்டும்தானா?

நம் நாட்டில் 2020ஆம் ஆண்டு நினைவிருக்கும். கோவிட் தொற்றால் விமானங்கள் தரையில் நின்றன; விமானிகள் பலர் வேலை இழந்தனர். சுபாங் ஜெயாவில் ஒருவர் விமானிச் சீருடையும் தொப்பியுமாகவே மீ விற்கத் தொடங்கிய படம் பத்திரிகைகளில் வந்தது. பலரும் பாராட்டினார்கள். உழைப்பில் இழிவில்லை என்பது சரிதான். அன்று பயிற்சிப் பள்ளியை அப்போதுதான் முடித்திருந்த பிள்ளைகளைப் பற்றி யார் பேசினார்கள்? அவர்களுக்கு இழப்பதற்கு வேலையும் இல்லை. கடன் மட்டும் இருந்தது.

வேலையில் சேரும் முன்பே கடன். இந்தக் கதையை நாம் எங்கோ கேட்டிருக்கிறோம் அல்லவா? ஒப்பந்தக் கூலியாக மலாயா வந்தவர் கப்பல் கட்டணத்தையும் முன்பணத்தையும் கூலியில் கழித்துத்தான் தீர்த்தார். கரையில் கால் வைக்கும்போதே கடன்காரர். இதில் நம் வரலாற்று வகுப்பில் அதிகம் பேசப்படாத செய்தி ஒன்று உண்டு. 1907இல் தமிழர் குடியேற்ற நிதி சட்டப்படி அமைந்தது. பின்னாளில் அது இந்தியர் குடியேற்ற நிதி எனப்பட்டது. இந்தியத் தொழிலாளர் தம் தோட்டத்தில் வேலை செய்த நாள்களைக் கணக்கிட்டு ஒவ்வொரு முதலாளியும் அதற்குப் பணம் கட்ட வேண்டும். ஆவடி, நாகப்பட்டினம் முகாம்களிலிருந்து தோட்டம் வரையிலான பயணச் செலவு அந்தப் பொது நிதியிலிருந்து போயிற்று. தொழிலாளி பயணக் கடனின்றி வந்து இறங்கினார். ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து வேறு தோட்டத்துக்கும் போகலாம். 1929இல் ஜே. ஏ. ரசல் கேமரன் மலையில் 'போ' தோட்டத்தைத் தொடங்கியபோது இந்த ஏற்பாடு நடைமுறையில் இருந்தது.

துரைமார் கருணையால் இதைச் செய்யவில்லை. ரப்பருக்கு ஆள் தேவைப்பட்டது. ஒருவர் செலவழித்து அழைத்து வந்த ஆளை அடுத்த தோட்டத்துக்காரர் இழுத்துக் கொள்வது நின்றபாடில்லை. எல்லாரும் பணம் கட்டினால் யார் இழுத்தாலும் நட்டமில்லை என்று கண்டுகொண்டார்கள். கூலி என்னவோ குறைவாகவே இருந்தது. லயத்து வாழ்வைப் பற்றிப் பெருமை பேச ஒன்றுமில்லை. ஆனால் தொழிலுக்கு ஆள் தேவை என்றால் அந்த ஆளைக் கொண்டு வரும் செலவு தொழிலைச் சேர்ந்தது என்ற ஒரு கருத்தைக் காலனியாட்சிக் காலத்து முதலாளிகளே ஏற்றுக் கொண்டார்கள்.

இன்றைய விமான நிறுவனங்களும் அதே சாக்கைத்தான் சொல்கின்றன: நாங்கள் பயிற்றுவித்தால் அடுத்த நிறுவனம் இழுத்துக் கொள்ளும். அதற்கு விடை நூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதப்பட்டுவிட்டது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட மலேசிய ஊழியர்களைக் கொண்ட நிறுவனங்கள் இன்றும் சம்பளத்தில் ஒரு விழுக்காட்டை மனிதவள மேம்பாட்டு நிதிக்குக் கட்டுகின்றன. அது பெரும்பாலும் ஏற்கெனவே வேலையில் இருப்பவர்களின் பயிற்சிக்குப் போகிறது. விமானிப் பயிற்சிக்கென எல்லா விமான நிறுவனங்களும் பங்களிக்கும் தனி நிதி ஒன்றைக் கேட்பது பேராசை ஆகாது. பயணச்சீட்டு ஒன்றுக்கு 50 காசு ஒதுக்கினால் ஒரு கோடி பயணங்களில் 50 இலட்சம் ரிங்கிட் சேரும். பதினாறு பேருக்கு முழுப் பயிற்சி கொடுக்கலாம். குடும்ப வருமானத்தைப் பார்த்து இடம் ஒதுக்கினால் அந்தப் பதினாறில் ஒன்று பகாங் மலைக்கும் வரும்.

அது வரும்வரை நம் முகாம்களில் ஒன்றைச் செய்யலாம். விமானி என்று சொல்லும் பிள்ளையைக் கைதட்டி உட்கார வைக்காமல், செலவு எவ்வளவு, நிறுவனமே பொறுப்பேற்கும் பயிற்சித் திட்டம் அந்த ஆண்டில் எங்கே திறந்திருக்கிறது, விண்ணப்பத்துக்கு எந்தப் பாடத்தில் என்ன தேர்ச்சி வேண்டும், ஒப்பந்தம் எத்தனை ஆண்டு என்பதை ஒரே தாளில் தமிழில் அச்சிட்டுப் பெற்றோர் கையில் கொடுக்கலாம். சேமநிதிப் பாரத்தில் கையெழுத்துப் போடுவதற்கு முன் அவர்கள் அதைப் படிக்க வேண்டும். விமானத் துறையில் பணிபுரியும் முன்னாள் மாணவர்கள் நம்மிடையே இருந்தால், அந்தத் தாளை எழுதும் வேலை அவர்களுடையது. அடுத்த முகாமுக்குள் எழுதித் தாருங்கள். அச்சிடும் செலவைப் பேரவை பார்த்துக் கொள்ளும்.