ராவா எடுத்தாச்சு, எதுல சமைக்கிறது?

நம்ம பதிவர் கூட்டத்துல கேமராவும் கையுமா அலையிற ஆளுங்க ஜாஸ்தி. அதுல யாராவது முதல் தடவையா 'ரா' கோப்பா எடுக்க ஆரம்பிச்சதும் கேக்குற கேள்வி ஒண்ணுதான்: "எந்த மென்பொருள் நல்லது?" உடனே ஒருத்தர் லைட்ரூம்பார், ஒருத்தர் கேப்சர் ஒன்னு விட்டா வேற இல்லைம்பார், இன்னொருத்தர் லினக்ஸ் கொடியோட வந்து டார்க்டேபிள்னு சொல்லுவார். கேட்டவர் தலை சுத்திப் போய் பேசாம ஜேபெக்குக்கே திரும்பிடுவார் :-)

என் கட்சியை முதல்லயே சொல்லிடறேன். "எதுல கலர் சூப்பரா வருது"ன்னு பார்த்துத் தேர்ந்தெடுக்காதீங்க. "நாளைக்கு இதை விட்டுட்டுப் போகணும்னா, இத்தனை வருஷம் நான் பண்ணின வேலை என்ன ஆகும்"னு பார்த்துத் தேர்ந்தெடுங்க. கலரெல்லாம் அதுக்கு அடுத்ததுதான்.

ஏன்னு சொல்றேன். சென்சாருக்கு நிறமே தெரியாது, வெளிச்சம் எவ்வளவுன்னு மட்டும்தான் தெரியும். அதனால ஒவ்வொரு புள்ளி மேலயும் ஒரு குட்டி நிறக் கண்ணாடி வச்சிருப்பாங்க. கோடக் கம்பெனியில இருந்த பிரைஸ் பேயர் 1976ல காப்புரிமை வாங்கின ஏற்பாடு இது. நாலு புள்ளியில ரெண்டு பச்சை, ஒண்ணு சிவப்பு, ஒண்ணு நீலம். ஒவ்வொரு புள்ளிக்கும் விட்டுப்போன மத்த ரெண்டு நிறத்தையும் அக்கம்பக்கத்துப் புள்ளியைப் பார்த்துக் கணக்குப் போட்டு நிரப்பணும். ரா மென்பொருளோட முக்கியமான வேலை இந்தக் கணக்குதான். அப்புறம் வெள்ளைச் சமநிலை, வெளிச்சம், நிழல், கூர்மை எல்லாம் வரிசையா வரும்.

ஜேபெக்கா எடுத்தா இத்தனையும் கேமராவே கண் இமைக்கறதுக்குள்ள முடிச்சிட்டு, வேண்டாம்னு நினைச்சதைத் தூக்கிப் போட்டுடும். மிஞ்சறது நிறத்துக்கு 8 பிட், அதாவது 256 படி. ராவுல 12 பிட்டுன்னா 4096 படி, 14 பிட்டுன்னா 16384. உச்சி வெயில்ல வெள்ளை வேட்டியோட மடிப்பும் வேணும், திண்ணை நிழல்ல உக்காந்திருக்கிற தாத்தா முகமும் வேணும்னா இந்தப் படிகள்தான் காப்பாத்தும்.

இப்போ முக்கியமான மேட்டர். நீங்க நிழலைத் தூக்கி, வானத்தை அடக்கி, மாங்கு மாங்குன்னு ஒரு மணி நேரம் வேலை பார்த்தாலும் பெரும்பாலான மென்பொருள்கள்ல அந்த ரா கோப்பை யாரும் தொடறதே இல்லை. "வெளிச்சம் இத்தனை கூட்டு, நிழல் இத்தனை ஏத்து"ன்னு ஒரு சமையல் குறிப்பு மட்டும் வேற இடத்துல எழுதி வைக்கப்படும். அந்தக் குறிப்பு எழுதின சமையல்காரருக்கு மட்டும்தான் புரியும். ஒரு மென்பொருள்ல "நிழல் 30"னு இருக்கறதை இன்னொண்ணுல போட்டா அதே படம் வராது. பல தடவை அதைப் படிக்கவே தெரியாது. ஆக நீங்க தேர்ந்தெடுக்கறது வெறும் கருவி இல்லை, உங்க சமையல் குறிப்பையெல்லாம் பூட்டி வைக்கிற பீரோ. சாவி யார்கிட்ட இருக்குங்கறதுதான் கேள்வி.

"அதெல்லாம் பெரிய கம்பெனிங்க, எங்கே ஓடிடப் போறாங்க"ன்னு நினைக்கறவங்களுக்குக் கொஞ்சம் பழைய கதை:

1. ராஷூட்டர். பிக்ஸ்மான்டெக் கம்பெனியோடது. வேகமா ஓடும், ஓசிப் பதிப்பும் உண்டு. 2006ல அடோபி அந்தக் கம்பெனியையே வாங்கி, ராஷூட்டரை நிறுத்திடுச்சு. காசு குடுத்து பிரீமியம் வாங்கினவங்களுக்கு 2007ல வந்த லைட்ரூம் முதல் பதிப்பைச் சும்மா குடுத்தாங்க. நல்ல மனசுதான், ஆனா ஆளுங்க திரும்ப முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்.

2. அப்பெர்ச்சர். ஆப்பிளோடது, 2005ல வந்தது. 2014ல இனி வளர்க்க மாட்டோம்னு அறிவிச்சாங்க, 2015ல விற்பனையை நிறுத்தினாங்க. 2019ல வந்த மேக் கேட்டலினாவுல அது ஓடவே ஓடாது.

3. பிகாசா. நம்மில் பாதிப் பேருக்கு முதல் படப்பெட்டி அதுதான். ரா கோப்பும் திறக்கும். 2016ல கூகுள் மூடிடுச்சு.

4. லைட்ரூம். செத்துப் போகலை, ஜம்முன்னு இருக்கு. ஆனா 2015ல வந்த 6ம் பதிப்போட, ஒரே தடவை காசு குடுத்து வாங்கற கதை முடிஞ்சுது. 2017லேர்ந்து புதுப் பதிப்பு எல்லாமே சந்தாதான். சந்தா நின்னா லைட்ரூம் கிளாசிக்ல படங்களைப் பார்க்கலாம், ஏற்கனவே செஞ்சதை ஜேபெக்கா வெளியே எடுக்கலாம். திருத்தற பகுதி பூட்டிக்கும்.

இதுல யாரையும் திட்டறதுக்கு ஒண்ணுமில்லை. வியாபாரம்னா அப்படித்தான். ஆனா நம்ம வீட்டுப் படங்களுக்கு அந்த வியாபாரத்தை விட ஆயுசு கெட்டி. என் நண்பர் ஒருத்தர் பாட்டியை ஊர்த் திருவிழாவுல எடுத்த படம் ஒண்ணு வச்சிருந்தார். இணையத்துல போடறதுக்காக 800 புள்ளி அகலத்துக்கு மட்டும் வெளியே எடுத்திருந்தார். பாட்டி காலமானதும் சட்டம் போட்டு மாட்ட பெரிய பிரிண்ட் வேணும்னாங்க. ரா கோப்பு பத்திரமா இருந்துச்சு, ஆனா திருத்தின மென்பொருள் புதுப் பொட்டியில ஓடலை. திரும்ப உக்காந்து பண்ணினார். படம் நல்லாத்தான் வந்துச்சு, ஆனா அம்மா கேட்டது "அந்தப் படம்" :-(

கலர் முக்கியமில்லைன்னு நான் சொல்லலை. ஃபியூஜி கேமரா வச்சிருக்கவங்களைக் கேட்டுப் பாருங்க. 2012ல எக்ஸ்-ப்ரோ1ல வந்த எக்ஸ்-டிரான்ஸ் சென்சார்ல நிறக் கண்ணாடி அடுக்கே வேற மாதிரி. மர இலையெல்லாம் லைட்ரூம்ல புழு நெளியிற மாதிரி வருதுன்னு வருஷக்கணக்கா சண்டை நடந்துச்சு. அங்கே கணக்கு உண்மையிலேயே வித்தியாசப்படும். ஆனா நம்மில் பலபேரு வச்சிருக்கிற சாதா பேயர் சென்சாருக்கு, திறந்த உடனே தெரியற வித்தியாசம் அந்தந்தக் கம்பெனி போட்டு வச்ச ஆரம்ப மசாலாதான். பத்து நிமிஷம் நகத்திப் பார்த்தா பெரும்பாலும் கிட்டக்கிட்ட வந்துடும்.

சரி, எதைத்தான் எடுக்கறது? என் வரிசை இது.

புதுசா ஆரம்பிக்கறவங்க கேமரா கம்பெனியே ஓசியா குடுக்கறதுலேர்ந்து தொடங்குங்க. கேனானுக்கு டிஜிட்டல் போட்டோ புரொபஷனல், நிக்கானுக்கு என்எக்ஸ் ஸ்டுடியோ. கேமரா திரையில பார்த்த அதே கலர் வரும். கொஞ்சம் மெதுவாத்தான் நகரும், பரவாயில்லை. ரா உங்களுக்குத் தேவையான்னே இதுல தெரிஞ்சுடும்.

பொழுதுபோக்கா எடுக்கறவங்களுக்கு என் ஓட்டு டார்க்டேபிள் இல்லன்னா ராதெரபி. ரெண்டும் கட்டற்ற மென்பொருள், சமையல் குறிப்பைப் படத்துக்குப் பக்கத்துலயே தனிக் கோப்பா எழுதி வைக்கும். அந்தக் குறிப்பும் வேற மென்பொருளுக்குப் புரியாதுதான். ஆனா இதை யாராலயும் மூட முடியாது, பழைய பதிப்பும் மூலநிரலும் எப்பவும் கிடைக்கும். டேவ் காஃபின்னு ஒரு தனி மனுஷர் 1997ல எழுத ஆரம்பிச்ச டிசிரா நிரல் ஏகப்பட்ட கேமராவோட ராவைப் படிச்சுது. அவரோட கடைசிப் பதிப்பு 2018ல வந்தது. அதுலேர்ந்து கிளைச்ச லிப்ரா இன்னிக்கும் ஓடிக்கிட்டிருக்கு. பூட்டின நிரலா இருந்தா அந்தக் கதை அவரோடயே முடிஞ்சிருக்கும். கத்துக்கக் கஷ்டம்ங்கறது நிஜம்தான். டார்க்டேபிளைத் திறந்ததும் விமானி அறைக்குள்ள போன மாதிரி இருக்கும். ஒரு மாசம் பொறுத்துக்கங்க.

கல்யாணம், நிகழ்ச்சின்னு எடுத்துச் சம்பாதிக்கறவங்க தாராளமா சந்தா கட்டுங்க. ஆயிரம் படத்தை ராத்திரியோட முடிக்கணும்னா லைட்ரூமும் கேப்சர் ஒன்னும் குடுக்கற வேகத்துக்குக் காசு தகும். ஆனா லைட்ரூம்ல திருத்தங்களை எக்ஸ்எம்பி கோப்பா தானா எழுதற டிக் போட்டிருக்கான்னு ஒருதடவை அமைப்புல பார்த்துடுங்க. இல்லன்னா எல்லாமே ஒரே கேட்டலாக் கோப்புக்குள்ளதான் கிடக்கும். அது கெட்டுப்போனா, கையில நகலும் இல்லன்னா, போச்சு.

பழைய மென்பொருளைக் காசு குடுத்து வாங்கி வச்சிருக்கவங்க புதுக் கேமரா வாங்கினதும் ராவே திறக்கலைன்னு முழிப்பாங்க. அடோபியோட டிஎன்ஜி கன்வர்ட்டர் ஓசிதான். அதுல போட்டு டிஎன்ஜியா மாத்தினா பெரும்பாலும் திறந்துடும். அசலை மட்டும் அழிச்சுடாதீங்க.

முடிவு பண்றதுக்கு முன்னாடி உங்க சொந்தப் படத்துலேர்ந்தே அஞ்சு ராவை எடுங்க. உச்சி வெயில்ல ஒண்ணு, ட்யூப்லைட் வெளிச்சத்துல ஒரு மாநிற முகம், விளக்கு மட்டும் எரியிற மண்டபம், மேடைக் கலர் விளக்கு ஒண்ணு, பட்டுப்புடவைச் சிவப்பு ஒண்ணு. மூணு மென்பொருள்ல இந்த அஞ்சையும் சமைங்க. காசு கேக்கறதுக்கெல்லாம் சோதனைக் காலம் உண்டு. அப்புறம் அந்த மென்பொருளைக் கழட்டிட்டு, கையில என்ன மிஞ்சியிருக்குன்னு பாருங்க. எந்த விமர்சனக் கட்டுரையும் இந்தச் சோதனையைப் பண்ணி நான் பார்த்ததில்லை.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒரு பழக்கம் வச்சுக்கங்க. முடிச்ச படத்தை முழு அளவுல, உயர்ந்த தரத்துல ஒரு ஜேபெக்கா எடுத்து ராவோடயே போட்டு வைங்க. ரொம்பப் பிடிச்சதுக்கு மட்டும் 16 பிட் டிஃப். 24 மெகாபிக்சலுக்கு அது கிட்டத்தட்ட 144 எம்பி வரும், அதனால எல்லாத்துக்கும் வேண்டாம். வட்டு விலையைப் பார்த்து யோசிக்கறவங்க, ஒரே காக்காவை முப்பது தடவை எடுத்திருக்கோமே, அதுல இருபத்தொம்பதை அழிச்சா இடம் தானா வந்துடும் ;-)